ஒரு கைப்பிடி வால்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் நிவேதா போன் செய்தார். திண்டுக்கல்லில் நான் முப்பத்தோரு வருடம் கம்பவுண்டராக இருந்த கால்நடை மருத்துவமனையை இப்போது நடத்துகிறவர் அவர்தான். வயதில் என் மகளைவிடச் சின்னவர். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். நான் மேடம் என்றால் கோபித்துக்கொள்வார்.

"அங்கிள், டெரியர் குட்டி நாலு வந்திருக்கு. பொறந்து மூணு நாளாகுது. வால் வெட்டித் தரச் சொல்றாங்க. முடியாதுன்னுட்டேன். பழைய கம்பவுண்டர் நல்லா வெட்டுவாருன்னு உங்க பேரச் சொல்றாங்க. நீங்க வெட்டுவீங்களா?"

"வெட்டியிருக்கேன்மா. இப்ப வெட்டுறதில்ல."

"எதுக்கு வெட்டுனீங்கன்னு இங்க இருக்கிற பசங்களுக்கு வந்து சொல்லுங்களேன். எனக்கே சரியாத் தெரியல."

சனிக்கிழமை போனேன். ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் சும்மாவா இருப்பான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பழைய மேசையை மாற்றிவிட்டு ஸ்டீல் மேசை போட்டிருந்தார்கள். உதவியாளர்கள் இரண்டு பேருக்கும் டெரியரின் குணம், பராமரிப்பு, வால் வெட்டும் முறை, அதன் காரணம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். எலி வளைக்குள் போகிற நாய் மாட்டிக்கொண்டால் வெளியே இழுக்க ஒரு கைப்பிடி வேண்டும், அதற்காகத்தான் அந்த அளவு வால் என்றேன். சரண்யா என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அப்படி மாட்டிக்கிட்ட நாய நீங்க இழுத்திருக்கீங்களா சார்?"

"இழுத்திருக்கேன்" என்றேன். டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா சின்னாளப்பட்டியில் தறி நெய்தவர். எனக்குத் தறிக்குழியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவனை, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று அப்போது அந்த மருத்துவமனையை நடத்திய டாக்டர் அமலதாஸ் சொன்னதும் வீட்டில் அனுப்பிவைத்தார்கள். பெருக்கினேன். பிறகு ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். பிறகு நாய்களைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு வருடத்தில் ஊசியே போட்டேன், ஊரும் கம்பவுண்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இதற்கென்று நான் எந்தப் படிப்பும் படிக்கவில்லை. பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது முக்கியம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அமலதாஸ் ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. என்னை 'நீ' என்பார், நாய்களை 'நீங்க' என்பார். "உக்காருங்க, வாயத் திறங்க, அம்புட்டுதான் முடிஞ்சிருச்சு" என்று ஓர் ஒன்றாம் வகுப்புப் பையனிடம் பேசுவதுபோல் பேசுவார், கடிக்கிற நாயும் கேட்டுக்கொண்டு நிற்கும். தொடுவதற்கு முன்னால் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். எதையும் ஒரே ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை கேட்டால் கோபப்படமாட்டார், பேசாமல் தானே எழுந்து அந்த வேலையைச் செய்வார். அது கோபத்தைவிட மோசம்.

எங்களிடம் வரும் நாய்களில் நாட்டு நாய்தான் அதிகம். ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்கிற இந்தக் குட்டை நாய் பின்னால்தான் வர ஆரம்பித்தது. வெள்ளை உடம்பு, பழுப்புத் திட்டு, முழங்கால் உயரம்கூட இருக்காது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை இந்த நாயைப் பார்த்துத்தான் எவனோ சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டில் நரி வளைக்குள் விட்டுத் துரத்துவதற்கென்று உருவாக்கிய நாய். இங்கே சனங்கள் அதை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு வாங்கினார்கள். ஒரு தடவை வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் நாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார். சோபாவைக் கிழித்துவிட்டதாம், டிவி வயரைக் கடித்துவிட்டதாம், மாடிவீட்டுத் தரையில் இரண்டு காலாலும் பள்ளம் தோண்டுகிறதாம். டாக்டர் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சீட்டை எடுத்து மணி மணியான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'வேலை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சாப்பாட்டுக்கு முன்.'

வங்கிக்காரர் அதை மருந்துக்கடையில் போய் நீட்டிவிட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "பந்தை மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சுத் தேடச் சொல்லுங்க. துணிய இழுத்து வெளையாடுங்க. அதுக்கு மூளை நெறைய இருக்கு, சும்மா இருந்தா உங்க வீட்டைத்தான் பிரிக்கும்." பத்து நாளில் பைத்தியம் தெளிந்துவிட்டது.

இன்னொன்று, வலியைக் காட்டிக்கொள்ளாத நாய் இது. பெருச்சாளி மூக்கைக் கடித்துக் குதறியிருக்கும், இது வாலாட்டிக்கொண்டு அடுத்த வளைக்கு ஓடும். அதனால் வேலை முடிந்து வந்ததும் நாம்தான் பார்க்க வேண்டும். காது மடலுக்குள் மண், விரல் இடுக்கில் உண்ணி, உதட்டின் உள்பக்கம் கடிவாய். எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஒரு வருடம்கூடத் தவறவிடக் கூடாது. முக்கியமாக இன்னொன்றும் உண்டு. நாட்டு நாய் வளையை மோந்து பார்த்து, நாலு பிறாண்டு பிறாண்டிவிட்டு, கிடைக்காவிட்டால் போய்ப் படுத்துக்கொள்ளும். இது உள்ளே தலையை விட்டுவிட்டால் பின்வாங்காது. அதன் பிறவிக்குணம் அது.

அதை முதன்முதலாக ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பார்த்தேன். வாய்க்காலுக்குக் குறுக்கே பதித்திருந்த பழைய சிமெண்டுக் குழாய்க்குள் கீரிப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஒரு டெரியர் புகுந்துவிட்டது. பாதித் தூரத்தில் குழாய் உடைந்து இறங்கிக் குறுகலாக இருந்தது, அங்கே மாட்டிக்கொண்டது. தோட்டக்காரர் கடப்பாரையால் குழாயை உடைக்கப் போனார். டாக்டர் தடுத்துவிட்டு வாய்க்காலில் வேட்டியோடு ஒருக்களித்துப் படுத்தார். கையை உள்ளே விட்டார். "கெடச்சிருச்சு" என்றார். பிறகு என்னையும் பக்கத்தில் படுக்கச் சொல்லி, என் கையை எடுத்து உள்ளே வைத்துக் காட்டினார்.

"வால நுனியில புடிக்கக் கூடாது. அடியோட சேத்து, முழுக் கையால புடி. சுண்டி இழுக்காத. அது மூச்ச உள்ள இழுக்கும்போது சும்மா இரு. மூச்ச விடும்போது உடம்பு சுருங்கும், அப்ப ஒரு இஞ்சு இழு."

என் உள்ளங்கைக்குள் அந்த வால் கச்சிதமாக இருந்தது. மூச்சு விடும்போது ஒரு இஞ்சு, மறுபடி ஒரு இஞ்சு. பத்து நிமிடத்தில் நாய் வெளியே வந்து, உடம்பை உதறிவிட்டு, மறுபடியும் குழாய்க்குள் போகப் பார்த்தது. தோட்டக்காரர் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் எனக்கு வால் வெட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் அது தவறென்று யாரும் சொல்லவில்லை. முழு வாலை விட்டால் நுனி முள்ளிலும் கல்லிலும் கிழிந்து புண் ஆறாது என்பார். பிறந்த மூன்றாம் நாள், கண் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். தாயை அடுத்த அறையில் கட்டிவிட்டு, குட்டியை இளஞ்சூட்டுத் துணியில் சுற்றி எடுக்க வேண்டும். வாலின் ரோமத்தை நறுக்கி மருந்து தடவி, அடியில் நூல் கட்டி, தோலை உடம்புப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, கணு பார்த்து வெட்ட வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு தையல், டிஞ்சர் நனைத்த பஞ்சு, உடனே தாயிடம் விட்டுவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் குட்டி கத்துவதை நான் கேட்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது வெட்டக் கூடாது என்கிறார்கள். சரிதான் என்று எனக்கும் படுகிறது.

எவ்வளவு வெட்டுவது என்பதில் டாக்டர் கறாரானவர். "மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல ஒரு மயிரிழைகூட வேண்டாம். வளந்ததுக்கு அப்புறம் ஆளு கைக்கு ஒரு கைப்பிடி நிக்கணும். இது அழகுக்கு வெட்டுற வாலு இல்ல." வழக்கம்போல ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

இனி தங்கராசு முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாடிக்கொம்பைத் தாண்டி அகரம் போகும் வழியில் அவருக்குப் பெரிய மக்காச்சோளக் குடோன் இருந்தது. கோழித் தீவனத்துக்குப் போகிற சோளம். குடோனில் பெருச்சாளித் தொல்லை. விஷம் வைத்தால் தீவனத்தில் கலந்துவிடும் என்று பயந்து, டெரியர் ஒன்றைப் பெங்களூரிலிருந்து வாங்கி வந்து வீட்டில் வளர்த்தார். அது நாலு குட்டி போட்டது. மூன்றாம் நாள் போன் செய்தார். டாக்டர் தன் மகளின் பிரசவத்துக்காக மதுரை போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். நான் போனேன்.

முதலாளி போனில் ஒரு நாய்ப் படத்தைக் காட்டினார். டோபர்மேன். வால் இருந்த இடத்தில் ஒரு முடிச்சு மட்டும்தான் இருந்தது.

"இந்த மாதிரி ஒட்ட வெட்டிருங்க. அப்பத்தான் பாக்க மிடுக்கா இருக்கும்."

"இது வேற சாதிங்க மொதலாளி. இதுக்குக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டணும். டாக்டர் வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்குவோம்."

"அதுக்குள்ள குட்டி பெருசாயிருமே. உங்களுக்குத் தெரியாததா? எனக்கு நீங்களும் டாக்டருதான்."

இந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். வீட்டில் பெண்கள், வேலையாட்கள், கார் டிரைவர் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'டாக்டர் சார்' என்று எனக்குத் தனியாக நாற்காலி போட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். எதற்காக அந்த அளவு என்று தெரியாமல் நான் வெட்டவில்லை. வாய்க்காலில் படுத்து அந்தக் கைப்பிடியைப் பிடித்த கை இது. தெரிந்தே நாலு குட்டிக்கும் ஒட்ட வெட்டினேன். சுத்தமான வேலை, ஒரு தையல்கூடப் பிரியவில்லை. டாக்டர் வந்ததும் வால் வெட்டியதைச் சொன்னேன், அளவைச் சொல்லவில்லை.

மூன்று குட்டிகள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. நாலாவது குடோனுக்கு வந்தது. பெட்டை. அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தது லூர்துமேரி.

லூர்துமேரி அகரத்துக்காரி. குடோனில் சிந்துகிற சோளத்தைக் கூட்டி அள்ளிப் புடைக்கிற வேலை. நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது முதலாளி அவளைக் காட்டிவிட்டார். நாய் வளர்த்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் நான் மாதாமாதம் போகும்போது சொன்னதை அப்படியே செய்தாள். சாயங்காலம் காதைத் திருப்பித் துடைத்தாள், விரல் இடுக்கில் உண்ணி பார்த்தாள். கடிவாயை உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட்டாள். செத்த எலியை அது தின்னவிடாமல், வாயிலிருந்து வாங்கிக்கொண்டு பதிலுக்கு முட்டைத் துண்டு கொடுத்தாள். மத்தியானம் தன் தூக்குவாளியில் வெஞ்சனமாக வந்த கருவாட்டை அதற்கு ஒளித்து வைப்பாள், நான் திட்டுவேன். "உப்பக் கழுவிட்டுத்தாண்ணே குடுக்குறேன்" என்பாள்.

ஒரு தடவை என்னிடம் கேட்டாள்: "ஏண்ணே, இதுக்கு மட்டும் வாலு ஏன் இம்புட்டுக் குட்டையா இருக்கு? இது தாய்க்கு நீளமா இருக்காமே."

"அழகுக்கு" என்றேன்.

நாலு வருடம் சிட்டு அந்தக் குடோனை ஆண்டது. வேலையாட்கள் அதைச் சூப்பர்வைசர் என்று கிண்டல் செய்வார்கள். காலையில் லூர்துமேரி கதவு ஓரமாக நின்று "போ சிட்டு" என்றால் போதும், மூட்டை அடுக்குகளுக்கு இடையில் மின்னலாகப் புகுந்துவிடும்.

அது ஐப்பசி மாதம், மூன்று நாள் அடைமழை விட்டிருந்த காலை. பத்து மணி இருக்கும். குடோனிலிருந்து போன் வந்தது. டாக்டர் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே கிடக்கிறது என்று தொப்பம்பட்டிப் பக்கம் போயிருந்தார். அவருக்குத் தகவல் சொல்லிவிட்டு நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

குடோனின் பின்சுவர் ஓரம், தளத்துக்கு அடியில் பெருச்சாளி வளை. சிட்டு அதற்குள் நூறு தடவை போய் வந்திருக்கும். மழையில் மண் ஊறி உள்ளே சரிந்திருந்தது. நான் போனபோது லூர்துமேரி சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தாள். சுற்றிலும் ஆறேழு பேர். முதலாளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தளத்தை உடைக்க வேண்டுமானால் மேலே அடுக்கியிருந்த மூட்டைகளை இறக்க வேண்டும், இரண்டு பேர் இறக்க ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே சிட்டு குரைக்கிற சத்தம் மண்ணுக்குள்ளிருந்து மங்கலாகக் கேட்டது.

லூர்துமேரி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கன்னத்தில் சேறு.

"கை எட்டுதுண்ணே. முதுகு தட்டுப்படுது. புடிக்கத்தாண்ணே ஒண்ணுமே இல்ல."

நான் படுத்தேன். கையை விட்டேன். ஈர ரோமம், இடுப்பெலும்பு, அதற்கு மேலே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு முடிச்சு. என் விரல்கள் அதைப் பிடித்தன, வழுக்கின, பிடித்தன, வழுக்கின. பின்னங்கால்கள் இரண்டும் உடம்புக்கு அடியில் மடங்கிப் போயிருந்தன. உள்ளே அதன் மூச்சு எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்தது, விட்டது. அது மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் நான் இழுத்திருக்க வேண்டும். இழுப்பதற்கு நான் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட பயத்தை வேறு எதோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. யாராவது என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் பயந்தேன். நாய் சாகக் கிடக்கும்போது அப்படி ஒரு நினைப்பு வந்தது.

"என்ன கம்பவுண்டரே, வருதா?" என்றார் முதலாளி.

"வழுக்குதுங்க. ஒடைங்க, சீக்கிரம் ஒடைங்க."

மூட்டை இறக்கிக் கடப்பாரை போட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். குரைப்பு நின்றுவிட்டிருந்தது. லூர்துமேரி என்னைத் தள்ளிவிட்டு மறுபடி கையை விட்டாள். "சிட்டு, இந்தா வாரேன், செத்த நேரம் பொறுத்துக்க" என்று வளைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி ஒரு பின்னங்காலை எப்படியோ பிடித்துவிட்டாள். இழுத்தாள். கால் மூட்டு விலகிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உடம்பு ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. அவள் கையை விட்டுவிட்டு, தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

தளத்தை உடைத்து எடுத்தபோது சிட்டு இறந்திருந்தது. வாயிலும் மூக்கிலும் சேறு அடைத்திருந்தது. அதற்கு முன்னால், மண்ணுக்குள் ஒரு கைநீளத்தில், பெருச்சாளியும் செத்துக் கிடந்தது.

டாக்டர் வந்து சேர்ந்தபோது சிட்டை ஒரு சாக்கின்மேல் கிடத்தியிருந்தார்கள். அவர் கை கழுவிவிட்டு வந்து குனிந்தார். வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், விலகிய காலை மெதுவாக நேராக்கினார். பிறகு பின்பக்கம் கையைக் கொண்டுபோய் அந்த முடிச்சின்மேல் வைத்தார். இரண்டு விரலால் அதை அளந்து பார்த்தார். முதலாளியிடம், "மூச்சு அடைச்சுத்தான் போயிருக்கு" என்றார். முதலாளி காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. அவர் உடைந்த தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொபெட்டைக் குடோனிலேயே விட்டுவிட்டு, திரும்பும்போது டாக்டரின் காரில் வந்தேன். தாடிக்கொம்பு தாண்டியதும் கேட்டார்.

"இம்புட்டு ஒட்ட வெட்டுனது நீதானா?"

"நான்தான் சார்."

"அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லிரு."

அவ்வளவுதான். அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார் என்று எழுதினேன் அல்லவா, இதையும் ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் சில வருடம் கழித்துக் கண்ணை மூடினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தாய் நாய்க்கு ஊசி போட முதலாளி வீட்டுக்குப் போனேன். போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பொம்பளைய நிப்பாட்டிட்டேன் கம்பவுண்டரே. மழை ஈரத்துல வளைக்குள்ள ஏவி விட்டிருக்கா. அப்புறம் காலப் புடிச்சு இழுத்து ஒடிச்சுக் கொன்னுட்டா. நீங்கதான் பாத்தீங்களே."

நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துக்கு எனக்கு எத்தனையோ காரணம் இருந்தது. படிக்காத கம்பவுண்டர் கத்தி பிடித்தது வெளியே தெரிந்தால் டாக்டருக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், வேலை போய்விடும் என்று நினைத்தேன். முதலாளி வீட்டில் எனக்கு நாற்காலி போடமாட்டார்கள் என்றும் நினைத்தேன். எல்லாவற்றையும் இப்போது வரிசையாக வைத்துப் பார்த்தால், கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

சரண்யா கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை பஸ் பிடித்து அகரம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். லூர்துமேரி தோட்டத்தில் பூ எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்து, "கம்பவுண்டர் அண்ணனா, வாங்க வாங்க" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதில் உட்காராமல் இருந்திருக்கலாம், உட்கார்ந்தேன். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி காட்டிய படம், நான் வெட்டியது, எவ்வளவு விட்டிருக்க வேண்டும், எதற்காக.

அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்ப நான் கால இழுத்ததுல சாவலையா?"

"இல்லம்மா. மூச்சு அடைச்சுத்தான் செத்துச்சு. வாலு இருந்திருந்தா நீயே எடுத்திருப்ப."

"டாக்டரய்யாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்தச் சத்தம் இருக்குல்லண்ணே, மூட்டு வெலகுன சத்தம். பூ எடுக்கும்போதுகூடச் சில நாளு கேக்கும்" என்றாள். அதற்குப் பிறகு எந்த நாய்க்கும் ஒரு பிடி சோறு வைத்ததில்லை என்றாள். வேறு குடோன்களிலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லையாம். நாயைக் கொன்றவள் என்று பெயர் வந்துவிட்டதாம்.

"முதலாளிகிட்டப் போவோம்மா. நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"எந்த மொதலாளிகிட்டண்ணே? அவரு போயிச் சேந்து மூணு வருசமாச்சு. சாவுக்குப் போயிருந்தேன். அங்கயும் ஒருத்தி என்னையக் காட்டி, நாயக் கொன்னவ வந்திருக்கான்னு சொன்னா."

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அவள் விடவில்லை. பின்பக்கம் பார்த்து, "ஏங்க, செத்த இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். அவள் கணவர் அந்தோணி, கொத்து வேலை பார்த்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தக் காலத்தில் அதே குடோனில் சாக்குத் தைத்த, அன்று அங்கே நின்றிருந்த பாப்பாத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"இப்ப என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டச் சொல்லுங்கண்ணே."

நான் எழுந்து நின்றேன். "சிட்டுக்கு வாலைக் குட்டையா வெட்டிட்டாங்க, அதனால—" என்று ஆரம்பித்தேன்.

"யாரு வெட்டுனாங்க?" என்றாள் லூர்துமேரி.

"நான் வெட்டினேன்" என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாப்பாத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். அந்தோணி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் லூர்துமேரி என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "அன்னைக்கு அங்க இன்னும் அஞ்சு பேரு இருந்தாங்கண்ணே" என்றாள்.

அந்த ஐந்து பேரும் மூட்டை தூக்க வந்தவர்கள், எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் அவர்களில் ஒருவர் கண்ணில் இது படலாம், அல்லது யாராவது படித்துக் காட்டலாம். ஐயா, அன்று அந்தக் குடோனில் நாயைக் கொன்றது லூர்துமேரி இல்லை. அதைக் காப்பாற்றக் கடைசிவரை கையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தவள் அவள். நாயைக் கொன்றது நான். நீங்கள் யாரிடமாவது வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.